சான்றுக்குச் சான்று யாது?

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருதல் வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்தைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். துறைமுகப் பட்டினத்துக் கல்லூரியின் மலரிலே தமிழாசிரியன் வேறு எதனை எழுதுவான்? பாதி எழுதியும் விட்டேன். அவ்வேளையில் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இக்கல்லூரியிலே உயர்தரம் கற்று, பேராதனை சென்று, இன்று கடல் கடந்த நாடொன்றிலே மூளையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருப்பவர் அவர். விழாவுக்கு வரும்போது உயிரியல் பயிலும் மாணவரிடையே தமிழிலே பேச விரும்புவதாகவும், தம் துறையில் நாள்தோறும் வழங்கும் சொல்லொன்றுக்குத் தமிழ் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். "சேர், 'ரெபரன்ஸ் ஜீன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்பதே அவர் கேள்வி.

யான் பயிற்றப்பட்ட தமிழாசிரியன், விஞ்ஞானம் படித்தவனல்லேன். ஆயினும் பொருளறியாது பெயரிடுதல் தகாது என்பதை அறிவேன். "தம்பி, அது செய்யும் தொழில் யாது? அதனை முதலிற் சொல்லும்" என்று மறுமொழி எழுதினேன். மூன்று கிழமை கடிதப் போக்குவரத்து நடந்தது. நெய்தற் கட்டுரை இன்னும் மேசைமேற் கிடக்கின்றது. சொல்லொன்றைத் தேடப் புகுந்த யான், ஒரு கருத்துடையவனாக வெளிவந்தேன். அக்கருத்தையே ஈண்டு எழுதுகின்றேன்.

நம்மூர் மாணவர்க்கு விளங்கும் வகையால் தொடங்குவோம். இரவிலே கடலில் வலை விரித்திருக்கும் தோணிக்காரர், தம் தோணி நின்ற இடத்திலே நிற்கின்றதா, நீரோட்டத்தில் இழுபடுகின்றதா என்று எவ்வாறு அறிவர்? கரையைப் பார்த்தே அறிவர். கோணேசர் மலையையும் அதற்குப் பின்னே தெரியும் குன்றொன்றையும் ஒன்றோடொன்று பொருத்தி வைத்துக்கொண்டு, அப்பொருத்தம் கலைகின்றதா என நோக்குவர். பக்கத்துத் தோணியைப் பார்த்து நிலையறிய முயல்பவன் ஏமாறுவான். இரண்டு தோணிகளும் ஒரே நீரோட்டத்தில் ஒருங்கே இழுபடுமாயின், இரண்டிலுள்ளாரும் தாம் அசையவில்லை என்றே நம்புவர்.

மூளையிலே பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை அளப்பவர் நிலை, கரை காணாக் கடலில் நிற்கும் தோணிக்காரர் நிலை. தமிழ்நாட்டார் மரபணு என்றும் நம் பாடநூலார் பரம்பரையலகு என்றும் வழங்குவது ஒரே பொருளைத்தான். மனித உடலிற் புரதம் ஆக்கும் அலகுகள் ஏறக்குறைய 20,000 உள. அவை ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் ஒரே வகையாக இருக்கின்றன. மூளைக் கலத்திலுள்ள நூல்நிலையமும் ஈரற் கலத்திலுள்ள நூல்நிலையமும் ஒன்றே. எந்தெந்த நூலை எத்தனை படி எடுக்கின்றது என்பதிலேதான் கலத்துக்குக் கலம் வேறுபாடு. அப்படிகளுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். நோயுற்ற மூளையில் ஓர் அலகின் படிகள் பெருகினவா, குறைந்தனவா என்று கண்டால், நோயின் காரணத்தை நோக்கி ஓரடி வைக்கலாம். அல்சைமர் மறதி நோய், பார்க்கின்சன் நடுக்க நோய், பக்கவாதம் முதலியவற்றை ஆராய்வோர் பலர் இவ்வாறே செய்கின்றனர்.

படிகளை எண்ணும் கருவியின் பெயரைச் சொன்னால் நம்மூர்ப் பாட்டிமாரும் அறிவர். கொரோனாக் காலத்தில் வீடுவீடாகப் பேசப்பட்ட பி.சி.ஆர். அதுவே. அமெரிக்கரான கரி முல்லிஸ் 1983 ஆம் ஆண்டு கண்டு, 1993 ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற முறை. ஆர்.என்.ஏ. படியை நொதியமொன்றால் டி.என்.ஏ. ஆக மாற்றி, அதனைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பர். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஒளிரும் சாயமொன்று உடனிருந்து, பெருக்கம் ஒரு குறித்த அளவை எத்தனையாவது சுற்றிலே எட்டியது என்று காட்டும். தொடக்கத்திற் படிகள் மிகுதியாக இருந்தால் எண்ணிக்கை சிறிதாகும். குறைவாக இருந்தால் பெரிதாகும். ஒரு சுற்று வேறுபாடு என்பது இருமடங்கு வேறுபாடு. இதனை மாணவர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

இங்கே தான் இடர் தோன்றுகின்றது. ஒரு மூளையிலிருந்து எடுத்த துண்டு பெரிது, மற்றொன்றிலிருந்து எடுத்தது சிறிது. ஒன்றிலே ஆர்.என்.ஏ. சிதையாதிருந்தது, மற்றொன்றிலே பாதி சிதைந்தது. நொதியம் ஒரு குழாயில் நன்றாக உழைத்தது, மற்றதிலே சோம்பியது. இவ்வேறுபாடுகளெல்லாம் சேர்ந்து படியெண்ணிக்கையைக் குழப்பும். ஆதலால், நோயுற்றாலும் உறாவிட்டாலும் மாறாதது என்று நம்பத்தக்க வேறோர் அலகையும் அதே குழாயிலோ அடுத்த குழாயிலோ அளந்து, அதனோடு ஒப்பிட்டே முடிவு கூறுவர். அந்த மாறா அலகுதான் என் மாணவர் தமிழ் கேட்ட 'ரெபரன்ஸ் ஜீன்'. கொரோனாப் பரிசோதனை சிலவற்றிலும், மூக்கிலிருந்து எடுத்த பஞ்சிலே மனிதக் கலம் உண்மையாகவே வந்துளதா என அறிய ஆர்.நேஸ் பி எனும் மனித அலகொன்றை உடனளந்தனர். அங்கே அது உண்டா இல்லையா என்று பார்த்தாற் போதும். மூளை ஆராய்ச்சியிலோ எவ்வளவு உண்டு என்பதே வினா.

நெடுங்காலமாக இத்தொழிலுக்கு அமர்த்தப்பட்டவர் இருவர் மூவரே. ஜி.ஏ.பி.டி.எச். என்பது ஒன்று, குளுக்கோசை உடைத்துச் சத்தியாக்கும் தொழிலில் உதவும் நொதியத்துக்குரியது. பீட்டா அக்டின் மற்றொன்று, கலத்தின் உட்கூட்டுக்குரியது. 18 எஸ் இறைபோசோம் ஆர்.என்.ஏ. இன்னொன்று. எல்லாக் கலத்துக்கும் வேண்டிய அன்றாட வேலைகளைச் செய்வதால் இவற்றை ஆங்கிலத்தில் 'ஹவுஸ்கீப்பிங்' அலகுகள் என்றனர். வீட்டைப் பேணுபவர் வீட்டிலேயே இருப்பார், எந்நாளும் ஒரே அளவு வேலை செய்வார் என்ற எண்ணம் அப்பெயராலேயே வந்துவிட்டது. பெயர் மனிதரை மயக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு யான் கண்டதில்லை. வீட்டிலே கலியாணம் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் வீட்டைப் பேணுபவரின் வேலைதானே முதலிற் கூடுகின்றது!

பழைய காலத்தில் ஆர்.என்.ஏ.யைத் தாளிலே ஒற்றி, கறுத்த பட்டைகளாகக் கண்ணாற் பார்த்து மதிப்பிட்டனர். பத்து மடங்கு வேறுபாடு தெரிந்தாற் போதுமென்றிருந்த அக்காலத்துக்கு இவ்வலகுகள் போதுமாயிருந்தன. 1990களில் ஒளிரும் சாயத்தோடு கூடிய பி.சி.ஆர். வந்தபின் இரு மடங்கையும் ஒன்றரை மடங்கையும் அளக்கத் தொடங்கினர். தராசு நுண்மையாயிற்று; படிக்கல்லை மாற்றவில்லை.

என் மாணவர்க்கு நேர்ந்ததை அவர் இசைவோடு எழுதுகின்றேன். அவர் பணிபுரிந்த ஆய்வுகூடத்திலே எலிகளின் மூளைக்கு ஒட்சிசன் குறைந்தால் என்ன நேரும் என்று ஆராய்ந்தனர். தாம் கவனித்த அலகொன்று ஒட்சிசன் குறைந்த மூளையிலே பாதியாகக் குறைவதாகக் கண்டார். ஒன்றரை ஆண்டு உழைப்பு. கூட்டமொன்றிலே முடிவைக் காட்டினார். கேட்டிருந்த ஒருவர் எழுந்து, "உமது சான்று அலகு ஒட்சிசன் குறையும்போது அசையாது நின்றதா?" என்று வினவினார். இவரிடம் மறுமொழியில்லை. அவர் பயன்படுத்தியது ஜி.ஏ.பி.டி.எச். அந்த ஆய்வுகூடத்திலே எல்லாரும் அதனையே பயன்படுத்தினர்; அவர்க்கு முன் இருந்தவரும் அதனையே பயன்படுத்தினர்.

ஒட்சிசன் குறைந்தால் கலம் சத்திக்காகச் சீனியை உடைக்கும் வழியையே மிகுதியும் நாடும். சீனியை உடைக்கும் நொதியத்தின் அலகு அப்போது எழும்பக்கூடும் என்பது, தெரிந்தபின் பார்த்தால், சிறு பிள்ளைக்கும் விளங்கும். கணக்கு இவ்வளவே. நல்ல மூளையிலே அவர் தேடிய அலகு 25 ஆவது சுற்றிலே தோன்றிற்று; ஜி.ஏ.பி.டி.எச். 18 ஆவதிலே தோன்றிற்று. வேறுபாடு 7. ஒட்சிசன் குறைந்த மூளையிலும் தேடிய அலகு 25 ஆவதிலேயே தோன்றிற்று, ஆனால் ஜி.ஏ.பி.டி.எச். இருமடங்காகி 17 ஆவதிலே தோன்றிற்று. வேறுபாடு 8. ஒரு சுற்றுக் கூடினால் பாதியாயிற்று என்பது பொருள். தேடிய அலகு அணுவளவும் அசையவில்லை, அசைந்தது படிக்கல். வேறு நான்கு அலகுகளோடு ஒப்பிட்டு மீண்டும் அளந்தபோது, அவர் கண்டுபிடிப்பு முழுவதும் கரைந்து போயிற்று. ஒன்றரை ஆண்டும் போயிற்று. அவ்வெலிகளின் உயிரும் போயிற்று என்று அவர் எழுதியிருந்தார். அவ்வொரு வரியைப் படித்தபோதுதான், இப்பிள்ளைக்கு நாம் கற்பித்ததிலே ஏதோ நிலைத்திருக்கின்றது என்று எனக்குத் தோன்றியது.

மற்றெவ்வுறுப்பையும் விட மூளையில் இவ்விடர் பெரிது. மூளை ஒரே வகைக் கலங்களால் ஆனதன்று. நரம்புக் கலங்களும் அவற்றைத் தாங்கும் துணைக் கலங்களும் இடத்துக்கிடம் வெவ்வேறு விகிதத்திற் கலந்துள்ளன. அல்சைமர் நோயிலே நரம்புக் கலங்கள் அழியத் துணைக் கலங்கள் பெருகும். நரம்புக் கலத்திலே மிகுதியாக வழங்கும் ஓர் அலகைச் சான்றாக வைத்தால், அலகின் தொழில் மாறாமலே அளவு குறைந்ததாகத் தோன்றும். சிறுமூளையிலே நிலையாக நிற்கும் அலகு பொட்டுப்புறத்து மடலிலே நில்லாது போகலாம். இன்னும், மனித மூளை இறந்தவரிடமிருந்தே பெரும்பாலும் கிடைக்கின்றது. அவர் விபத்திலே சட்டென இறந்தாரா, நாட்கணக்காகக் காய்ச்சலிலும் மூச்சுத் திணறலிலும் கிடந்து இறந்தாரா என்பதால் மூளையின் அமிலத்தன்மை மாறும், அதனோடு ஆர்.என்.ஏ.யின் நிலையும் மாறும். போதாக்குறைக்கு, ஜி.ஏ.பி.டி.எச். நொதியமே ஹண்டிங்டன் நோய்ப் புரதத்தோடும் அல்சைமர் நோய்ப் புரதத்தோடும் ஒட்டுறவு கொள்வதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். வழக்கிலே சம்பந்தப்பட்டவனையே சாட்சிக் கூண்டில் ஏற்றியது போலாயிற்று.

அப்படியாயின் மாறாத அலகை எவ்வாறு கண்டுபிடிப்பது? மாறாதது எது என்று அறிய அளக்க வேண்டும். அளப்பதற்கு மாறாதது ஒன்று வேண்டும். இச்சுழலிலிருந்து வெளியேற வழி கண்டவர் பெல்ஜிய நாட்டுக் கெந்து நகரத்து ஆராய்ச்சியாளர் யோ வண்டெசொம்பேலும் அவர் கூட்டத்தாரும்; 2002 ஆம் ஆண்டு. 'ஜீ-நோர்ம்' என்பது அவர் முறையின் பெயர். அதனைப் பற்றி என் மாணவர் விளக்கியபோது, யான் நன்கறிந்த தொழிலொன்றையே அவர் வேறு பெயராற் சொல்வதாக உணர்ந்தேன்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887 ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார்கள். மூலப்பிரதி எவரிடமும் இல்லை. இருந்தவை ஏடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்திலே பிழைபட்டது. மூலம் இல்லாதபோது பிழையை எவ்வாறு அறிவது? ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டே அறிவது. பலவற்றோடு பலகாலும் ஒத்துச் செல்வது நம்பத்தக்கது. அடிக்கடி தனித்து விலகுவது ஐயத்துக்குரியது. ஜீ-நோர்ம் செய்வதும் இதுவே. பத்துப் பன்னிரண்டு அலகுகளை எடுத்து, இரண்டிரண்டாக ஒப்பிட்டு, இரண்டின் விகிதம் எல்லா மாதிரிகளிலும் மாறாது நிற்கின்றதா என்று பார்க்கின்றது. மிக விலகும் அலகைத் தள்ளி, எஞ்சியவற்றை மீண்டும் ஒப்பிடுகின்றது. இறுதியில் நிற்பவை தேறியவை. ஒன்றை மட்டும் நம்பாது, தேறியவற்றுள் இரண்டு மூன்றைச் சேர்த்து அவற்றின் பெருக்கற் சராசரியையே படிக்கல்லாக வைக்கும்படி அவர்கள் கூறினர்.

ஏடு பதிப்போர் அறிந்த குறையொன்று இம்முறைக்கும் உண்டு. ஒரே தாயேட்டிலிருந்து எழுதப்பட்ட இரண்டு பிரதிகள் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கும். தாயேட்டின் பிழையிலும் ஒத்திருக்கும். அவ்வொற்றுமை உண்மைக்குச் சான்றன்று. அதுபோலவே, ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கும் இரண்டு அலகுகளின் விகிதம் மாறாது நிற்கும். ஜீ-நோர்ம் அவற்றுக்கு முதலிடம் கொடுத்துவிடும். முன்னே சொன்ன இரண்டு தோணிகளின் கதை இதுவே. ஆதலால், ஒப்பிட எடுக்கும் அலகுகள் கலத்தின் வெவ்வேறு தொழில்களிலிருந்து எடுக்கப்படல் வேண்டும். சீனியுடைக்கும் வழியிலிருந்தே நான்கை எடுத்துவைத்து அவை ஒத்தன என்று மகிழ்தல் கூடாது. 2004 ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டார் வெளியிட்ட 'நோர்ம்-ஃபைண்டர்' என்னும் முறை, நோயுற்றோர் நோயுறாதோர் எனக் குழுக்களைப் பிரித்து, குழுவுக்குள் உள்ள அசைவையும் குழுக்களிடையே உள்ள அசைவையும் தனித்தனியே நோக்குவதால் இக்குறையை ஒருவாறு குறைக்கின்றது. இரண்டையும் செய்து பார்ப்பது நன்று என்பது மாணவர் கருத்து. இரண்டு பதிப்பாசிரியர் பார்த்த ஏடு போல என்பது என் கருத்து.

மனித மூளையிலேயே இச்சோதனை நடந்துளது. 2008 ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியொன்றிலே, அல்சைமர், பார்க்கின்சன், லூயி உருண்டை மறதி நோய் ஆகிய மூன்றினாலும் பீடிக்கப்பட்டோருடைய மூளைகளின் ஈரிடங்களில் எட்டு அலகுகளைச் சோதித்து, நோய்க்கு நோய் தகுந்த தொகுதியைத் தனித்தனியே வகுத்தனர். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒன்றைத் தேடாது நோய்க்கேற்பத் தேடியதே அதன் சிறப்பு. 2009 ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்த ஸ்டீபன் பஸ்டின் முதலிய அறிஞர் கூடி, பி.சி.ஆர். முடிவுகளை வெளியிடுவோர் எவ்வெவற்றைத் தெரிவித்தாக வேண்டும் என்று 'மிக்கி' எனப்படும் நெறிமுறையை வகுத்தனர். சான்று அலகு அந்த இழையத்திலேயே, அந்த நிலைமையிலேயே சோதிக்கப்பட்டதா என்பதும் அதிலுள்ள வினாக்களுள் ஒன்று. 2025 ஆம் ஆண்டு அந்நெறிமுறை திருத்தி மீள வெளியிடப்பட்டது. பதினாறு ஆண்டுகளின் பின் மீண்டும் சொல்ல வேண்டியிருந்ததென்றால், முதன்முறை பலர் செவிமடுக்கவில்லை என்பதே பொருள்.

அளவையிலே கவலையீனம் ஆய்வுகூடத்துச் சுவருக்குள் அடங்கிவிடும் என்று எண்ணுதல் வேண்டா. சின்னமுத்துத் தடுப்பூசியால் குழந்தைகளுக்கு ஓட்டிசம் உண்டாகின்றது எனும் வதந்தி 1998 ஆம் ஆண்டு கிளம்பியபின், அக்குழந்தைகளின் குடலிலே சின்னமுத்துக் கிருமியைக் கண்டதாக ஓர் ஆய்வுகூடம் பி.சி.ஆர். முடிவு வெளியிட்டது. 2007 ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றிலே அவ்வாய்வுகூடத்தின் குறிப்புகளைப் பரிசீலித்துச் சாட்சியமளித்தவர் மேற்சொன்ன பஸ்டினே. சின்னமுத்துக் கிருமி ஆர்.என்.ஏ. கிருமி, அதனை முதலில் டி.என்.ஏ. ஆக மாற்றினாலன்றி பி.சி.ஆரிலே தோன்றாது. மாற்றும் நொதியம் சேர்க்கப்படாத குழாய்களிலும் அது தோன்றியதாகக் குறிப்பிருந்தது. எனவே அங்கே கண்டது நோயாளியின் கிருமியன்று, வெளியிலிருந்து கலந்த மாசு என்று அவர் காட்டினார். இது சான்று அலகைப் பற்றிய வழக்கன்று. ஆயினும் ஒப்பீட்டுக் குழாயைப் பாராது விட்டதன் பயன் எத்தனை தாய்மாரின் நெஞ்சிலே அச்சமாக விழுந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனமாகிய நிம்ஹான்சிலே 1995 ஆம் ஆண்டு முதல் மனித மூளைக் களஞ்சியமொன்று இயங்குகின்றது. இறந்தோரின் உறவினர் இசைந்து கொடுத்த மூளைகள் அங்கே பேணப்படுகின்றன. கொழும்பிலே இறந்த முதியோரின் மூளைகளை ஆராய்ந்து, ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார் நிம்ஹான்ஸ் அறிஞரோடு சேர்ந்து 2016 ஆம் ஆண்டு முடிவு வெளியிட்டனர். மறதி நோய்க்குரிய மாற்றங்களையும் குருதிக்குழாய்ச் சிதைவுகளையும் உருப்பெருக்கி கொண்டு கண்ட ஆராய்ச்சி அது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலுள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார் 2024 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே, கருவிலுள்ள சிசுக்களின் மூளையை 5,132 சீவல்களிலே படமாக்கி 'தரணி' எனும் பெயரால் உலகுக்கு வழங்கினர். மூளையின் வடிவைக் காணும் பணி நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. வடிவைக் கண்டவர் நாளை அதன் அலகுகளின் பேச்சைக் கேட்க விரும்புவர்.

அன்று அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதிலேதான் எனக்குக் கருத்துண்டு. கோப்பன்கேகனிலோ லண்டனிலோ தேறிய அலகுகளின் பட்டியலை எடுத்துவந்து இங்கே அப்படியே பயன்படுத்தல் ஆகாது. அங்கே இறந்தவர் உடல் குளிர் நாட்டிலே விரைவிற் குளிரறைக்குச் செல்கின்றது. இங்கே வைகாசி வெயிலிலே, தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து மருத்துவமனை சேரவே பல மணி நேரமாகும். நம்மவர் இறக்கும் நோய்களும், இறக்குமுன் படும் காய்ச்சலும் வேறு. குளிரிலே நிலையாக நின்ற அலகு இவ்வெப்பத்திலே நிலைத்து நிற்கும் என்பதற்கு உறுதி யாது? நம் மூளைகளிலேயே, நம் காலநிலையிலேயே, அவ்வந்நோயிலேயே சோதித்துத் தேர்ந்தெடுத்த பின்னரே அளக்கத் தொடங்குதல் வேண்டும். நம் நாட்டிலே ஒரு குடும்பம் தன் தந்தையின் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது எளிய காரியமன்று. ஈமக்கடன் முழுவுடலோடு செய்ய வேண்டும் எனும் எண்ணம் ஊறிய சமூகம் இது. அவ்வாறு கிடைத்த ஒன்றைப் பொய்ப் படிக்கல்லால் அளந்து பாழாக்குதல் அக்குடும்பத்துக்குச் செய்யும் வஞ்சனை.

பணச் செலவாகுமே என்று கேட்பர். உண்மைதான். பத்து அலகுகளைச் சோதிப்பதற்கு வேண்டிய இரசாயனப் பொருள்கள் நம் பல்கலைக்கழகங்களுக்கு மலிவானவையல்ல. அவை வந்து சேரும் முன் சுங்கத்திலே காத்துக் கிடப்பதும் உண்டு என்பர். ஆனால் எல்லா மாதிரிகளிலும் பத்தையும் அளக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு குழுவிலிருந்தும் சிலவற்றை எடுத்துப் பத்தையும் சோதித்து, தேறிய மூன்றை மட்டும் பின்னர் எல்லாவற்றிலும் அளக்கலாம். என் மாணவர் இழந்த ஒன்றரை ஆண்டின் செலவை எவரும் கணக்கிட்டாரில்லை.

இன்னுஞ் சிலர், இப்போது ஆர்.என்.ஏ. முழுவதையும் ஒருங்கே வாசிக்கும் பொறிகள் வந்துவிட்டன, இனிச் சான்று அலகு எதற்கு என்பர். இதனையும் அவரிடம் கேட்டேன். அப்பொறிகளின் கணக்கிலும், பெரும்பாலான அலகுகள் மாறவில்லை எனும் எடுகோள் உள்ளே ஒளிந்திருக்கின்றதாம். அன்றியும் பொறி சொன்னதை உறுதிப்படுத்த மீண்டும் பி.சி.ஆருக்கே வருவோர் பலராம். கரையைத் தேடும் தொல்லை எப்பொறியாலும் ஒழியவில்லை.

சொல்லுக்கு வருகின்றேன். 'ஆதார அலகு' எனலாம் என்று முதலில் எண்ணினேன். சுருதிக்கு ஆதாரம் போல. பின்னர் அது தகாது எனக் கண்டேன். ஆதாரம் என்று பெயரிட்டால் அதனை எவரும் அசைத்துப் பாரார். 'ஹவுஸ்கீப்பிங்' என்ற பெயர் செய்த தீங்கையே தமிழிலும் செய்ததாகும். 'நிலையலகு' என்றால் நிலைத்து நிற்கின்றதா என்று சோதிக்குமுன்னரே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். 'சான்றலகு' என்று எழுதியனுப்பினேன். சான்று கூறுபவரைக் குறுக்குவிசாரணை செய்யலாம், செய்யவும் வேண்டும். 1930களிலே சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவரும், திருகோணமலை இந்துக் கல்லூரியிலே அதிபராயிருந்தவருமான விபுலானந்த அடிகள், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர்; அவர் இருந்தால் இச்சொல்லை ஏற்றிருப்பாரா, திருத்தியிருப்பாரா என்று பலமுறை எண்ணிக்கொண்டேன்.

மாணவரின் மறுமொழி சென்ற கிழமை வந்தது. சொல்லை ஏற்றுக்கொண்டார். புதிய ஆராய்ச்சிக்கெனப் பதினோரு அலகுகளைச் சோதித்த பட்டியலையும், கேளாமலே, உடன் அனுப்பியிருந்தார். முதல் மூன்றும் தேறின. ஜி.ஏ.பி.டி.எச். ஒன்பதாம் இடத்தில் இருந்தது. அதனெதிரே, "சாட்சி தள்ளுபடி, சேர்" என்று தமிழிலே எழுதியிருந்தார்.